பதிமூன்றாம் அட்டை

என் தங்கை நடத்தும் தையற்கடையில் எந்தக் குழந்தையின் வயதையும் யாரும் கேட்கக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு அவள் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். கத்தரிக்கோல் பிடிப்பதெல்லாம் அப்புறம். கூட்டி வருகிற அம்மாக்களே, "ரெண்டாம் வகுப்புதான் படிக்கிறா, பாத்தா அப்படித் தெரியாது" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தால், அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அது கெடக்கட்டும்மா, பாப்பா இந்தப் பலகை மேல ஏறி நிக்கட்டும்" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

நான் அதே கடையில் பொத்தான் துளை போடுகிறேன். அவளைவிட ஐந்து வயது மூத்தவள். மூன்று பள்ளிக்கூடங்களின் சீருடை முழுவதும் அவள் வெட்டிக் கொடுத்துதான் ஊருக்குள் நடமாடுகிறது. ஒரு பாவாடை இடுப்பில் கடித்தது, ஒரு சட்டை தோளில் தொங்கியது என்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. திரும்பி வந்தால் பிரித்துத் தைக்க வேண்டியவள் நான்தான், அதனால் எனக்குத் தெரியும்.

அப்பா காலத்தில் கடை இப்படி இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. சுவரில் வரிசையாக ஆணி அடித்து, கனமான பழுப்பு அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார். சட்டைக்கு ஒரு கட்டு, பாவாடைக்கு ஒரு கட்டு. ஒவ்வோர் அட்டையிலும் கரிய மையில் ஓர் எண் இருக்கும், ஐந்திலிருந்து பதினாறு வரை. ஐந்து என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கான வெட்டு. பள்ளி திறக்கும் நேரத்தில் வாசல் வரை கூட்டம் நிற்கும். ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி அளக்க நேரம் ஏது? அப்பா தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பார். "ஒன்பது" என்பார். அந்த அட்டையைத் துணி மேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்து வெட்டிவிடுவார். "நாடா எதுக்குடா, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்பது அவர் பெருமை.

அதனால் எங்கள் வீட்டில் மனிதர்களுக்கு இரண்டு வயது இருந்தது. "எதிர் வீட்டுப் பையன் எத்தனை?" என்று அம்மா கேட்டால், "அவன் ஒன்பதுதான்" என்பார் அப்பா. அவனுக்கு மீசை அரும்பியிருக்கும். ஆனால் அட்டை ஒன்பது. எங்களுக்கு இது பழகிவிட்டது. குழப்பமாகவே தெரிந்ததில்லை.

நான் ஒல்லி. எவ்வளவு தின்றாலும் எங்கே போகிறது என்று தெரியாது. வீட்டில் எனக்கு ஊசி என்று பெயர். தங்கை பிறந்தபோதே கொழுகொழுவென்றிருந்தாள். அவளுக்கு நூல்கண்டு என்று பெயர் வைத்து, அது தேய்ந்து கண்டு ஆனது. எனக்குப் பதிமூன்று வயதானபோது என் அட்டை பத்து. அவளுக்கு எட்டு வயதானபோது அவள் அட்டை பதிமூன்று. அக்காள் உடுத்தியது தங்கைக்கு வருவது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அவளுக்குப் பத்தாமல் போனதை நான் உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அம்மா பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனாள். உடைந்த பிஸ்கட்டை வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். தினமும் ஒரு பை நிறைய வரும். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சரிபாதி பங்கு போட்டுத் தின்போம். நான் பங்கு போடுவதில் கறார். துண்டுக்குத் துண்டு சரியாக இருக்கும். அதே பிஸ்கட்தான். அவள் உடம்பில் ஒட்டியது, என் உடம்பில் ஒட்டவில்லை. இதற்கு இன்று வரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

அந்த வருடம் கண்டு திடீரென்று உயர்ந்தாள். நெற்றியில் பரு வந்தது. விளையாடிவிட்டு வந்தால் பெரியவர்களைப் போல வியர்வை நாறியது. அம்மா அவளைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்து, கையைத் துடைக்காமலே அப்பா முன்னால் நின்றாள்.

"என்னங்க, இவ உடம்பு மாற ஆரம்பிச்சிருக்கு. எட்டு வயசுல என்னங்க இது?"

"சதை போட்டா அப்படித்தான் தெரியும். நீயா எதையாவது நெனைச்சுக்காத."

"சதைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? ரெண்டு பொண்ணு பெத்தவ நான்."

"மூத்தவளுக்கே இன்னும் ஒண்ணையும் காணோம். சின்னவளுக்கு எப்படி வரும்? வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார் அப்பா, கடையில் நிற்கும் கூட்டத்தைச் சொல்வதுபோல.

கண்டுவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தெருவில் சின்னப் பிள்ளைகள் ஆடும் ஸ்கிப்பிங்கில் அவளுக்கும் ஒரு முறை வர வேண்டும். இரண்டு பேர் நீளக் கயிற்றைச் சுற்ற, நடுவில் புகுந்து குதிக்கும் ஆட்டம். அந்தத் தெருவில் அவளைப்போல் குதிக்க ஆளில்லை. குண்டாக இருப்பவள் பந்துபோல எழும்புவாள், தரையில் சத்தமே கேட்காது. ஆனால் அந்த வருடத்திலிருந்து அவள் கயிற்றுக்குள் நுழைந்தாலே யாராவது குரல் கொடுத்தார்கள்.

"ஏம்மா, பெரிய பொண்ணு, சின்னக் குழந்தைங்களோட உனக்கென்ன ஆட்டம்?" என்றாள் இஸ்திரிக்காரர் மனைவி.

"எனக்கு எட்டுதான் அத்தை."

"எட்டா? எட்டு அடியா?"

தெருவே சிரித்தது. கண்டுவும் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் வந்து வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். பள்ளியிலும் அதே கதை. வாத்தியாரம்மா அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றி, "நீ பெரியவ, இவங்களைப் பாத்துக்கோ" என்று வகுப்பையே ஒப்படைத்திருந்தாள்.

அம்மாவின் தொல்லை பொறுக்காமல், பள்ளி திறக்கும் வாரத்தில் அப்பா வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனார். அம்மா கம்பெனியில் இருந்தாள். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா முகத்தில் நிம்மதி. "ஒண்ணுமில்லையாம். எல்லாம் சரியா இருக்காம்" என்று சாக்கட்டியை எடுத்துவிட்டார்.

அன்று இரவு சாப்பாட்டில்தான் உண்மை வெளியே வந்தது. கண்டு என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாம ரெட்டையா?"

"என்ன உளர்ற?"

"எனக்கும் பதிமூணுதானாம். அப்பா டாக்டர்கிட்ட சொன்னாரு."

எல்லோரும் சிரித்தோம். அப்பாதான் பெரிதாகச் சிரித்தார். அம்மா சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

"டாக்டர் என்னடி கேட்டாரு?"

"பாப்பாவுக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. அப்பா என்னைப் பாத்துட்டு 'பதிமூணு'ன்னாரு. அதுக்கு டாக்டர், 'பதிமூணு வயசுல இதெல்லாம் வரலைன்னாதான் எங்கிட்ட வரணும், வந்துட்டா வர வேணாம், போங்க'ன்னுட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் கை நீட்டினாள். "அப்படின்னா அக்காவைத்தான கூட்டிட்டுப் போகணும்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

"நான் எட்டுன்னுதான் சொன்னேன்" என்றார்.

"இல்லப்பா, பதிமூணு."

"எட்டுன்னு சொல்லியிருப்பேன்..." என்று இழுத்தார். காலையிலிருந்து ஒன்பது, பதினொன்று, ஏழு என்று சொல்லிக்கொண்டே இருந்த நாக்கு. டாக்டர் கேட்டதும் பிள்ளையை நிமிர்ந்து பார்த்து அட்டையைச் சொல்லிவிட்டது. பொய் சொல்ல அவருக்கு வராது. பெற்ற மகளைத் துணிக்கு அளவு பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

"ஊருக்கெல்லாம் கண்ணாலேயே அளந்து குடுக்கிற மனுஷனுக்கு, பெத்த புள்ள வயசு தெரியல" என்றாள் அம்மா.

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். 

அடுத்த முறை அம்மா விடுப்பு போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று இருந்த டாக்டரம்மாவிடம் எங்கள் எல்லோரையும் இழுத்துப் போனாள். டாக்டரம்மா கண்டுவின் இடது கையை மேசைமேல் விரிக்கச் சொல்லி ஒரு படம் எடுக்க வைத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு பதினொரு வயசுக்காரி மாதிரி இருக்கு" என்றார்.

அப்பா என் காதில், "பதினொண்ணா? எங்கேருந்து வந்தது இந்தப் பதினொண்ணு?" என்றார். பிறந்த வயது எட்டு, அட்டை வயது பதிமூன்று, எலும்பு வயது பதினொன்று. ஒரு பிள்ளைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்பலேருந்து வேகமா வளர ஆரம்பிச்சா? எட்டு பொறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? அது எனக்கு முக்கியம்" என்றார் டாக்டரம்மா.

இந்த முறை அப்பா தப்பு விடக் கூடாது என்று முந்திக்கொண்டார். "ஏழுல பத்துங்க. ஏழரைல பதினொண்ணு. எட்டு பொறக்கும்போது பன்னெண்டு, பள்ளிக்கூடம் தெறக்கறப்ப பதிமூணு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதுல எதுங்க வயசு?"

அம்மா விளக்கினாள். அட்டையின் கதையைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா சிரித்தாலும், எழுதிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எட்டு என்கிற கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சொல்ல முடியாத இடத்தில் பிள்ளை நிற்கிறாள் என்றார். வேகத்தைத் தடுக்க ஊசி மருந்து உண்டு, இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், வேகம் கூடினால் யோசிப்போம் என்றார்.

"உயரம் ஒரு கவலை" என்றும் சொன்னார். "இப்ப வகுப்புலேயே உயரமா இருப்பா. சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் நின்னுடும். கடைசியில குட்டையா நிக்கலாம்."

"உயரமா இருக்கறதால குட்டையாயிடுவாளா?" என்றார் அப்பா.

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

"அப்ப குட்டையா இருக்கறவ?" என்று என்னைக் காட்டினார்.

"இது சின்னவளா?"

"மூத்தவங்க. பதிமூணு. வயசைத்தான் சொல்றேன்."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஒல்லிப் பிள்ளைகளில் சிலருக்குத் தாமதமாகலாம் என்றார்.

அம்மா கேட்க வந்ததை அப்போதுதான் கேட்டாள். "நான் கொண்டாந்து குடுத்த பிஸ்கட்டாலதானா டாக்டர்?"

"எடை கூடுன பொண்ணுங்க நெறைய பேருக்குச் சீக்கிரம் தொடங்குது. அது உண்மைதான். ஆனா இவளுக்கு அதனாலதான்னு நான் சொல்ல முடியாது. ஒல்லியா இருக்கிற சிலருக்கும் சீக்கிரம் வருது. குடும்ப வாகும் உண்டு. பட்டினி போடாதீங்க, திட்டாதீங்க. பண்டத்தைக் கொறைச்சுட்டு வீட்டுச் சாப்பாட்டைக் குடுங்க. நல்லா ஓடி ஆடட்டும்." கண்டுவிடம் திரும்பினார். "என்ன வெளையாடுவே?"

"ஸ்கிப்பிங். ஆனா ஆட விட மாட்டேங்கறாங்க."

"யாரு?"

கண்டு கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும்."

திரும்பி வரும்போது எங்களில் யாருக்கும் எதுவும் விளங்கியிருக்கவில்லை. வியாதி இல்லை, ஆனால் டாக்டரிடம் வர வேண்டும். குறைத்துச் சாப்பிட வேண்டும், ஆனால் பட்டினி கூடாது. அம்மா அன்றோடு பிஸ்கட் பையை நிறுத்தினாள். அதனால் இன்னும் இளைத்தவள் நான்தான். அம்மா பயந்துபோய் எனக்கு மட்டும் ரகசியமாக ஊட்ட, கண்டு அதை மோப்பம் பிடிக்க, வீட்டில் கொஞ்ச நாள் ஒரே சண்டை.

அப்பா மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாலை, பாதி வெட்டிய துணியை வைத்துவிட்டு எழுந்தார். மூட்டை கட்டும் கயிற்றில் நீளமாக ஒன்றை எடுத்து, ஒரு முனையை மின்கம்பத்தில் கட்டினார். மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நின்றார்.

"கண்டு, வா."

துணி வெட்டுகிறவர் கயிறு சுற்றினால் எப்படி இருக்கும்? அவர் கைக்கு நேர்கோடுதான் தெரியும். கயிறு ஒரு முறை வானத்தில் போனது, ஒரு முறை கண்டுவின் கன்னத்தில் விழுந்தது. "அப்பா, மெதுவா! வட்டமாப்பா, வட்டமா!" என்று கத்தினாள். இஸ்திரிக்காரர் மனைவி வாசலுக்கு வந்து வாயில் கை வைத்தாள்.

"என்னண்ணே, பெரிய பொண்ணை வச்சுக்கிட்டு நீங்களும்..."

"எட்டு" என்றார் அப்பா, கயிற்றை நிறுத்தாமல். "இவளுக்கு எட்டு வயசு. எட்டுன்னா எட்டுதான்."

அன்று அவர் அந்த எண்ணைத் தெரு முழுக்கக் கேட்கும்படி எத்தனை முறை சொன்னாரோ. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்பாவின் சுற்றல் தாங்காமல் ஒருத்தி அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் உள்ளே வந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நாள் தைக்க வேண்டிய கண்டுவின் பாவாடையை எடுத்தார். கீழ் ஓரத்தில் வழக்கமாக இரண்டு விரல் மடிப்பு விடுவார், வளர்ந்தால் பிரிப்பதற்கு. அவளுக்கு நான்கு விரல் விட்டார். கையால் அளந்து பார்த்துவிட்டு இன்னும் ஒன்று சேர்த்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி போய் வந்தோம். "மெதுவாத்தான் போகுது, பாப்போம்" என்றார் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும். பத்து வயது பிறந்த கொஞ்ச நாளில், ஒரு விடுமுறை மதியம், கண்டு ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அம்மா கம்பெனியில் இருந்தாள். குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

அம்மா முன்பே எங்கள் இருவருக்கும் சொல்லி வைத்திருந்தாள். அலமாரியில் தேவையானதும் இருந்தது. ஆனால் எனக்கே அது இன்னும் வந்திருக்கவில்லை. பதினைந்து வயது அக்காள், கேட்டு மட்டும் தெரிந்த விஷயத்தைப் பட்டுத் தெரிந்தவள்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குமா அக்கா?"

"வலிக்கும்... வலிக்காதுன்னு நெனைக்கிறேன்."

"எத்தனை நாளு?"

"அம்மா சொன்னாங்கள்ல?"

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

"எனக்கு இல்லடி இன்னும்."

கண்டு அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பாவம் நீ" என்றாள். "நான் கேட்டு வச்சு உனக்குச் சொல்றேன்."

அப்பாவிடம் நான்தான் போய், "அவ வயசுக்கு வந்துட்டாப்பா" என்றேன். அவர் சாக்கட்டியை வைத்துவிட்டு, "எந்த வயசுக்கு?" என்றார். கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் மாலை கண்டு, "நான் வெளையாடப் போகலாமா?" என்று கதவருகே நின்றாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு என் முறை வந்தபோது, அவள் சொன்னபடியே சுடுதண்ணீர்ப் பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொத நாள்தான் அப்படி இருக்கும், பயப்படாத" என்றாள். பதினொரு வயது. எனக்கு அக்காளாக நடந்துகொள்ள அவளுக்கு அவ்வளவு ஆசை.

அதன்பிறகு நான் வளர்ந்தேன். அவள் ஏறக்குறைய நின்றுவிட்டாள். கடைசி பெஞ்சில் இருந்தவளை வாத்தியாரம்மாக்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு வரிசை முன்னால் கொண்டுவந்து, பள்ளி முடிக்கும்போது முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எட்டு வயதில் பருமனுக்காக எடுத்த பதிமூன்றாம் அட்டைதான் இன்றும் அவள் பாவாடையின் நீளம். அப்பா வாய் தவறிச் சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டாள். அந்த முதல் டாக்டரிடம் சரியான வயதைச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா? அப்பா இதைக் கடைசி முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேட்டார். "சில வாரத்துல என்னங்க ஆயிருக்கும்? தெரியாது" என்றார் டாக்டரம்மா. எடையாலா, வாகாலா, அதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்பாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவள் வளர்வாள் என்று ஒவ்வொரு பாவாடையிலும் ஐந்து விரல் மடிப்பு விட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

கடை கண்டுவின் கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அட்டைகளில் இருந்த எண்களை மை பூசி அழித்ததுதான். ஒவ்வொன்றின் ஓட்டையிலும் ஒரு நிற நூல் கட்டினாள். பச்சை, மஞ்சள், நீலம். எல்லாப் பிள்ளையையும் அளந்துதான் அட்டை எடுக்க வேண்டும் என்றாள். அப்பாவுக்கு இப்போது கண் மங்கல். கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாடாக்களைச் சுருட்டிக் கொடுப்பார். "நீலத்துக்கு அடுத்தது என்னம்மா? எனக்குக் கொழப்பமா இருக்கு" என்பார். "கொழம்பட்டும்ப்பா, ஒண்ணும் ஆகாது" என்பாள்.

போன வாரம் ஓர் அம்மா ஒரு பெண் குழந்தையைக் கூட்டி வந்தாள். நல்ல வளர்த்தி, உருண்டை முகம். வாசலிலேயே நின்று, "இவ சின்னப் பொண்ணுதாங்க..." என்று தொடங்கினாள். குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. நாற்காலியிலிருந்து அப்பா நிமிர்ந்து பார்த்து, பழக்கத்தில், "பதிமூணு!" என்றார்.

"அப்பா" என்றாள் கண்டு. "சிவப்பு நூல்."

"ஆமா ஆமா, செவப்பு" என்று அவர் நாடாவை வேகமாகச் சுருட்டினார்.

குழந்தை பலகை மேல் ஏறியது. கண்டு அதன் எதிரே நின்றாள். இருவர் முகமும் நேருக்கு நேர் வந்தது. தோள், இடுப்பு, நீளம் என்று அளந்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள், "ஓரம் அஞ்சு விரல்" என்றாள்.

"அவ்வளவா?" என்றாள் அந்த அம்மா. "இதுக்கு மேலயும் வளருவாளா?"

"தெரியலம்மா." பிறகு குழந்தையிடம் குனிந்து, "ஸ்கிப்பிங் ஆடுவியா?" என்றாள்.

குழந்தை அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டு, மெல்லத் தலையாட்டியது. "பாவாடை பறக்குதுன்னு திட்டுவாங்க."

"இது பறக்காது. அஞ்சு விரல் மடிப்பு கனமாப் புடிச்சுக்கும். நான் அப்படித்தான் ஆடினேன்."

"நான் பெரிசானா பிரிச்சுடுவீங்களா?"

"வளந்தா பிரிப்போம். இல்லைன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சொல்லி, கண்டு நாடாவை உருவினாள். "எறங்கு. ரெண்டு கையாலயும் பாவாடையைப் புடிக்காம, இங்கேருந்து குதிச்சு எறங்கு, பாப்போம்."